வேகமும் சந்தேகமும்

வறிய வீட்டுப் பிள்ளை ஒன்று பந்தயத்தில் வென்றுவிட்டால், உலகம் அப்பிள்ளையை இருமுறை பார்க்கிறது. முதற் பார்வையில் வியப்பு இருக்கிறது. மறு பார்வையில் ஐயம் இருக்கிறது. நல்ல உணவும், நல்ல சப்பாத்தும், சம்பளம் வாங்கும் பயிற்சியாளரும் உள்ள நகரத்துப் பாடசாலை வென்றால், அது பயிற்சியின் பலன் எனப்படுகிறது. லயத்து அறையில் பிறந்து, தேயிலைச் சரிவுகளில் ஏறியிறங்கியே கால் வலுத்த பிள்ளை வென்றால், "இவளுக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி மைதானத்தின் ஓரத்திலேயே பிறந்துவிடுகிறது. வயதில் பொய்யோ, மாத்திரையோ, ஊசியோ என்று முணுமுணுப்புக் கிளம்புகிறது. ஹாலிஎலயிலிருந்தும் பதுளையிலிருந்தும் வலயப் போட்டிக்கும் மாகாணப் போட்டிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களாகிய நாம் இக்குரலை அறியாதவர்கள் அல்லர்.

அக்கேள்வியைக் கேட்பதே குற்றம் என்று நாம் வாதிக்க வரவில்லை. ஊக்கமருந்து கற்பனைப் பேயன்று. ஸ்டீரொய்ட் வகை மருந்துகள் வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளைக் காலத்துக்கு முன்பே மூடி உயரத்தைத் தடுக்கின்றன, பெண் பிள்ளைகளின் குரலைத் தடிக்கச் செய்கின்றன, ஈரலைக் கெடுக்கின்றன. குருதியில் செவ்வணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. என்ற மருந்து, அளவு மீறினால் குருதியைத் தடிக்கவைத்து இதயத்தையே நிறுத்தவல்லது. இத்தகைய நஞ்சைத் தேடிப் பிடிப்பது நன்மையே. ஆயின் யாரை, எப்பொழுது, எந்தச் சான்றைக் கொண்டு சந்தேகிக்கிறோம் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை புலனாகும்: மருந்து மேலிருந்து கீழே வருகிறது, பழியோ கீழேயே தங்கிவிடுகிறது.

இவ்வரலாற்றின் முதல் ஏடுகள் துவிச்சக்கர வண்டிப் பந்தயத்தில் எழுதப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொழில்முறைச் சைக்கிள் பந்தயம் பெருவணிகமாக வளர்ந்தது. சைக்கிள் செய்து விற்றவனுக்கு விளம்பரம் வேண்டியிருந்தது. பத்திரிகை நடத்தியவனுக்கு விற்பனை வேண்டியிருந்தது. இவ்விருவருக்காகவும் மிதிப்பதற்கு ஓர் இளைஞன் வேண்டியிருந்தான்.

அத்தகைய இளைஞர்களை வழங்கிய ஊர்களுள் ஒன்று அபெராமன். அது வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமம். ஊவா மலைகளில் கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அபெராமன் மக்கள் நிலத்தின் வயிற்றுக்குள் இறங்கிக் கரி வெட்டிக்கொண்டிருந்தனர். அங்கு வளர்ந்த ஆர்தர் லின்டன், 1896 ஆம் ஆண்டு போர்தோ நகரிலிருந்து பாரிஸ் வரை ஏறத்தாழ 590 கிலோமீற்றர் தூரத்தை மிதித்து வெற்றியைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு மாதங்களில், 27 வயதில், இறந்துபோனார். அதே கிராமத்து ஜிம்மி மைக்கேல் 1895 இல், பதினெட்டு வயதளவில், உலக வீரரானவர். இவ்விருவரையும் பழக்கியவர் சொப்பி வோர்பர்ட்டன் என்ற பயிற்சியாளர். பந்தயத்தின் நடுவே தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து நீட்டுவது அவர் வழக்கம். அக்குப்பியில் என்ன இருந்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றுவரை அதற்கு நிறுவப்பட்ட விடை இல்லை.

லின்டனின் மரணத்துக்குக் காரணமாக அன்று குறிக்கப்பட்டது நெருப்புக் காய்ச்சல். ஆனால் பின்னாளில் ஊக்கமருந்தின் கதையை எழுதிய பலர், பந்தய உலகின் முதல் ஊக்கமருந்துச் சாவு என்று அவர் பெயரைப் பதித்துவிட்டனர். அதுவும் 1886 இல், போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் இறந்ததாகப் பதித்தனர். அப்பந்தயமோ 1891 இல்தான் தொடங்கியது! ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுத, மற்றவர் எழுதியதை மூன்றாமவர் பார்த்து எழுத, பத்தாண்டுப் பிழையோடு ஒரு சந்தேகம் சரித்திரமாகிவிட்டது. வோர்பர்ட்டன் உண்மையில் மருந்து கொடுத்தவராகவே இருக்கலாம். ஆனால் குப்பியை நீட்டியவரின் பெயரை விடச் சுரங்கக் கிராமத்து இளைஞனின் பெயரே அப்பட்டியலின் தலைப்பில் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஏடு 1924. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பெரும் பந்தயத்தை 1903 இல் தொடங்கியது ஒரு விளையாட்டுப் பத்திரிகை; நோக்கம் பிரதிகளை விற்பது. 1924 ஆம் ஆண்டுப் பந்தயத்தின் மொத்தத் தூரம் 5,425 கிலோமீற்றர். அதை 15 கட்டங்களில் ஓட்ட வேண்டும். முந்திய ஆண்டின் வெற்றியாளரான ஹென்றி பெலிசியே, மேலே அணிந்திருந்த சட்டையொன்றைக் கழற்றி எறிந்தது விதிமீறல் என்று விசாரிக்கப்பட்டதைப் பொறாமல், பாதி வழியில் போட்டியை விட்டு விலகினார். கூத்தான்ஸ் என்ற ஊரின் கோப்பிக் கடையொன்றில், தம் தம்பியும் மற்றொரு தோழரும் உடனிருக்க, அல்பேர் லோந்திர் என்ற பத்திரிகையாளர் முன் தம் பையைத் திறந்து காட்டினார். கண்ணுக்குக் கொக்கேயின், ஈறுக்குக் குளோரோபோம், இவற்றோடு பலவகை மாத்திரைகள். லோந்திர் அதற்கு முந்திய ஆண்டு பிரெஞ்சுக் கயானாவின் தண்டனைக் குடியேற்றத்தைக் கண்டு எழுதியவர். சைக்கிள் வீரர்களின் வாழ்விலும் அவர் கண்டது கைதிகளின் வாழ்வையே.

பெலிசியே தம் பையைத் திறந்தது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கன்று. வேலையின் கொடுமையை எடுத்துக்காட்டுவதற்கு. ஊக்கமருந்து முதலில் ஒரு தொழிலாளர் பிரச்சினையாகவே வெளிச்சத்துக்கு வந்தது என்பதை விளையாட்டு வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. மனித உடலால் இயலாத அளவை நிர்ணயித்துவிட்டு, அந்த அளவை எட்ட அவ்வுடல் எதைத் தின்றது என்று பிறகு விசாரிப்பது என்ன நியாயம்? கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் மலைநாட்டில் வாழும் நமக்கு இக்கணக்கு அந்நியமானதன்று. அளவை வைப்பவன் ஒருவன். உடம்பை வருத்துபவன் வேறொருவன்.

1960 ஆகஸ்ட் மாதம் ரோம் ஒலிம்பிக்கில், கடும் வெயிலில் நடந்த சைக்கிள் போட்டியில் நுட் எனமார்க் யென்சன் என்ற 23 வயது டென்மார்க் இளைஞர் விழுந்து இறந்தார். ஊக்கமருந்தே காரணம் என்று உலகம் முழுவதும் எழுதப்பட்டது. இத்தாலிய மருத்துவர்களின் பரிசோதனை அறிக்கையோ வெப்பத் தாக்கமே காரணம் என்றது. எனினும் ஊக்கமருந்துக்குப் பலியானோர் வரிசையில் அவர் பெயர் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1967 ஜூலை 13 ஆம் நாள் வான்தூ மலையில் ஏறும்போது விழுந்து இறந்த டொம் சிம்சனின் கதை வேறு. அவருடைய உடலிலும் சட்டைப் பையிலும் அம்பெட்டமின் இருந்தது. ஒரு சந்தேகம் பொய்த்தது, ஒன்று மெய்த்தது. இரண்டையும் ஒரே பட்டியலில் அடைப்பவன் சரித்திரம் எழுதவில்லை, வதந்தியைத்தான் எழுதுகிறான்.

இத்தீமை தனியுடைமை உலகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோஷலிஸத்தின் பெயரால் ஆண்ட கிழக்கு ஜேர்மன் அரசு, 1974 முதல் ஒரு அரசாங்கத் திட்டமாகவே தன் வீரர்களுக்கு ஸ்டீரொய்ட் மாத்திரைகளை ஊட்டியது. அவர்களுள் பராயமடையாத சிறுமியர் பலர். அவர்களிடம் அவை விற்றமின் என்று சொல்லப்பட்டது. மனிதனை விடுவிக்க வந்ததாகச் சொன்ன ஓர் அரசு, பதக்கத்துக்காகப் பிள்ளையின் உடலை விலை பேசியது. 2000 ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம், அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மன்பிரெட் ஏவால்டைக் குற்றவாளியெனக் கண்டு, 22 மாதத் தண்டனையை ஒத்திவைத்து விதித்தது. தண்டனை சிறிதே. ஆயினும் உண்டவரை விட்டுவிட்டு ஊட்டியவரை நீதிமன்றத்தில் நிறுத்திய வழக்கு என்ற வகையில் அது நினைவில் வைக்கத்தக்கது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேகாலை மாவட்டத்தின் உடுவக என்ற கிராமத்தில், வறிய குடும்பமொன்றில் பிறந்தவர் சுசந்திகா ஜயசிங்க. 1997 இல் ஏதென்ஸ் நகரில் நடந்த உலக மெய்வல்லுநர்ப் போட்டியில், 21 வயதில், 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்த ஆண்டே, 1998 இல், ஊக்கமருந்து உட்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது விழுந்தது. அவர் அதை மறுத்தார். அதிகாரத்தில் இருந்தவரின் தகாத விருப்பத்துக்கு இணங்காததால் தமக்கெதிராகச் சதி செய்யப்பட்டது என்று வெளிப்படையாகவே கூறினார். இறுதியில் அவர் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் ஓர் ஓட்டக்காரியின் இளமையில் இழந்த மாதங்களைத் திருப்பிக் கொடுக்கும் தீர்ப்பு எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

அதே 1998 ஜூலையில், பிரான்ஸ் எல்லையில் பெஸ்டினா என்ற சைக்கிள் அணியின் வாகனமொன்று சோதனையிடப்பட்டது. வண்டி நிறைய ஈ.பி.ஓ. உள்ளிட்ட மருந்துகள் இருந்தன. ஒரு வீரனின் சட்டைப் பையன்று, அணியின் வாகனம்! மருத்துவரும் மேலாளரும் அறிந்தே நடந்த ஏற்பாடு அது. அக்காலத்தில் ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கும் சோதனையே நடைமுறையில் இருக்கவில்லை. செல்வமுள்ள அணி சோதனைக்கு ஓரடி முன்னால் நடந்தது. அடுத்த ஆண்டு முதல் 2005 வரை ஏழு முறை பிரான்ஸ் சுற்றை வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டங்கள் யாவும் 2012 இல்தான் பறிக்கப்பட்டன. அதுவரை அவர் வெற்றி வீரராகவே கொண்டாடப்பட்டார். அவருடைய அணியில் வீரர்களின் உடல் பிடித்துவிடும் வேலை செய்த எம்மா ஓரெய்லி என்ற பெண் உண்மையைச் சொன்னபோது, அவர்மீதுதான் வழக்குப் பாய்ந்தது.

சுசந்திகா மீண்டும் ஓடினார். 2000 செப்டெம்பர் 28 ஆம் நாள் சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் இறுதிப் போட்டியில் 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். 1948 இல் இலண்டனில் டங்கன் வைற் வெள்ளி வென்றபின், 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ், நேரம் 21.84 செக்கன். உலகத்துத் தொலைக்காட்சியும் சப்பாத்துக் கம்பனிகளும் கொண்டாடிய வீராங்கனை அவர். பரிசோதனைக்கு அகப்படாத வகையில் ஒரு ஸ்டீரொய்டைக் கலிபோர்னியாவில் இயங்கிய கம்பனியொன்று வீரர்களுக்கு வழங்கிவந்தது. 2003 இல் ஒரு பயிற்சியாளர் அதன் மிச்சம் இருந்த ஊசிக்குழலை அதிகாரிகளுக்கு அனுப்பிய பின்னரே விஞ்ஞானிகளால் அதை இனங்காண முடிந்தது. 2007 ஒக்டோபரில் ஜோன்ஸ் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசெம்பரில் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு சுசந்திகாவின் வெண்கலத்தை வெள்ளியாக உயர்த்தியது.

அன்று சிட்னியில் அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களைக் கேட்டிருந்தால், எவரைச் சந்தேகித்திருப்பார்கள்? ஏற்கெனவே பழி சுமந்திருந்த கிராமத்துப் பெண்ணையன்றோ! 22.28 செக்கனில் ஓடியவரின் மீது சந்தேகம் நின்றது, 21.84 செக்கனில் ஓடியவரின் மீது வெளிச்சம் நின்றது. உண்மை வெளிவர ஏழு ஆண்டுகளும், பதக்கம் மாற ஒன்பது ஆண்டுகளும் பிடித்தன. அந்த வெள்ளியையும் விற்கப்போவதாக 2017 இல் சுசந்திகா அறிவிக்க நேர்ந்தது. தமக்கு வரவேண்டிய மாதக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது என்பது அவர் முறைப்பாடு. பதக்கத்தை நாடு எடுத்துக்கொண்டது. வாழ்க்கையை அவரிடமே விட்டுவிட்டது.

குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பணம் எவ்வளவு தேவை என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்று. 2015 டிசெம்பரில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஸ்டீரொய்ட் இருப்பதாகக் கத்தார் நாட்டு ஆய்வகம் அறிவித்தது. அவர் உடனே விலக்கப்பட்டார். கிரிக்கெட் சபை வெளிநாட்டுச் சட்ட வல்லுநர்களையும் விஞ்ஞானிகளையும் அமர்த்தி வாதாடியது. முடிவில் அந்த ஆய்வகமே தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2016 மே மாதத்தில் குற்றச்சாட்டு நீங்கியது. அதற்குள் அவ்வாண்டின் இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டி முடிந்திருந்தது. விஞ்ஞான ஆய்வகமும் தவறக்கூடும் என்பது இதன் முதற்பாடம். அத்தவற்றை நிறுவ வசதி படைத்த ஒரு சபை பின்னால் நிற்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம். கிரிக்கெட் விளையாடாத பிள்ளைக்குப் பின்னால் நிற்பவர் யார்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்; இல்லையேல் நாமும் வறுமையைக் காட்டி உண்மையை மறைப்பவர்கள் ஆவோம். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே முடிகண்டம் என்ற கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹா நகரில் ஆசிய மெய்வல்லுநர்ப் போட்டியின் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வறுமையை வென்ற மகளென்று தமிழ்ப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அவருடைய மாதிரிகளில் நண்ட்ரொலோன் என்ற ஸ்டீரொய்ட் காணப்பட்டது. நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, தங்கம் பறிபோனது. தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றே அவர் கூறினார். விதி அதைக் கேட்பதில்லை. உடலில் எது இருந்தாலும் அதற்கு அந்த வீரரே முழுப் பொறுப்பு என்பதே உலக ஊக்கமருந்துத் தடுப்புக் கோவையின் அடிப்படை. அவ்விதி இல்லாவிட்டால் எந்த ஏமாற்றுக்காரனும் "எனக்குத் தெரியாது" என்று தப்பிவிடுவான். ஆகவே அதை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது வேறு. உழவர் வீட்டுப் பெண்ணின் உடலுக்குள் அம்மருந்து எந்த வழியாக, யார் கையால் வந்தது? பதக்கம் பறிக்கப்பட்ட செய்தி முதற்பக்கத்தில் வருகிறது. இக்கேள்வி எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

இன்று சைக்கிள் பந்தயத்தில் இளைஞன் ஒருவன் மலையேறினால், அவன் மிதிப்பின் வலுவைக் கணக்கிட்டு, பழைய குற்றவாளிகளின் நேரத்தோடு ஒப்பிட்டு, உடனே ஐயுறுகிறார்கள். 2020 இல் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார் 21 வயதில் பிரான்ஸ் சுற்றை வென்றபோது இதுதான் நிகழ்ந்தது. அவர்மீது எந்தப் பரிசோதனையும் குற்றத்தை நிறுவவில்லை. ஆனால் சந்தேகிப்பவர்களை வெறும் பொறாமைக்காரர் என்று தள்ளவும் இயலாது. 2008 இல் இத்தாலியின் ரிக்கார்டோ ரிக்கோ 24 வயதில் மலைக் கட்டங்களில் வென்று சில நாட்களிலேயே புதுவகை ஈ.பி.ஓ.வோடு பிடிபட்டதை அவர்கள் மறக்கவில்லை. முன்னையவர்களின் பொய்க்குப் பின்னையவர்கள் வட்டி கட்டுகிறார்கள். பழைய காலத்தில் ஓட்டியும் நடத்தியும் பழகிய பெரியவர்கள் பலர் இன்றும் அணிகளின் மேலாளர்களாக வீற்றிருக்க, அவர்கள் ஈட்டி வைத்த அவநம்பிக்கையை இருபது வயது இளைஞன் சுமக்கிறான்.

ஆகவே சந்தேகத்தை ஒழிப்பது நம் வேலையன்று. அதை ஒழுங்குபடுத்துவதே வேலை. சந்தேகம் முணுமுணுப்பாக இருக்கும்வரை அது பலமற்றவரை மட்டுமே காயப்படுத்தும். சந்தேகம் நடைமுறையாக மாறும்போதுதான் அது உண்மையைத் தேடும் கருவியாகிறது. மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிடுவதும், முதலாவதில் குற்றம் தெரிந்தால் இரண்டாவதைத் தம் முன்னிலையில் திறக்கக் கேட்கும் உரிமை வீரருக்கு இருப்பதும் வெறும் சடங்குகள் அல்ல. வறியவரின் பிள்ளைக்கும் அரசனின் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலை வைக்கும் முயற்சி அது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 1999 இல் உருவானது. இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இதற்கெனவே இயற்றப்பட்டது. 2021 இல் நடைமுறைக்கு வந்த உலகக் கோவை, இளம் பராயத்துப் பிள்ளையொன்று பிடிபட்டால் அப்பிள்ளையைச் சூழ்ந்திருந்த பயிற்சியாளர் முதலியோரையும் விசாரிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. வோர்பர்ட்டனின் குப்பியிலிருந்து இந்த விதிக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. ஹாலிஎலயின் தோட்டப் பாடசாலைப் பிள்ளை கொழும்புக்குச் சென்று ஓடும்போது, அந்த விதி அவளுக்குத் தெரிந்த மொழியில் அவளோடு செல்ல வேண்டும். அவளுக்கு என்ன உரிமை உண்டு, எந்தப் படிவத்தில் எதை வாசித்துக் கையொப்பமிட வேண்டும், காய்ச்சல் மருந்தை உண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவளுக்குத் தமிழில் விளக்கும் கடமை நம்முடையது. உடற்பயிற்சிக் கூடங்களிலும் கடைகளிலும் டப்பாவில் விற்கும் மாவை, "சக்தி வரும், குடி" என்று நீட்டும் கை எவருடையதாயினும், அது பழைய மாணவருடையதாயினும், நம் சக ஆசிரியருடையதேயாயினும், அதைத் தடுக்கும் துணிவு நமக்கு வேண்டும். பாடசாலையின் பெயருக்காக ஒரு பிள்ளையின் ஈரலைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை. அவ்வாறே, நம் பிள்ளையைத் தோற்கடித்த வேறொரு தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி முணுமுணுப்பு எழும்போது, அதில் நம் குரல் சேராதிருக்கவும் வேண்டும். சான்று இருந்தால் உரிய இடத்தில் சொல்வோம். இல்லையேல் அவளுடைய வெற்றிக்குக் கை தட்டுவோம்.

நம் மாணவர் மேடையேறும்போது அவர் கால்களை வியந்து பாராட்டுகிறோம். அக்கால்களுக்கு உணவு உண்டா, சப்பாத்து உண்டா, அவற்றைப் பழக்குபவர் யார், அவர் யாருக்குப் பொறுப்பானவர் என்ற கேள்விகளை மேடையேறும் முன்பே கேட்கும் சமுதாயம், பிறகு சந்தேகத்தோடு கேட்க வேண்டிய கேள்விகள் மிகக் குறைவாகவே இருக்கும்.